‘சில சொட்டு ஊற்றினால் போதும்’ என்ற அந்த வரியைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டில் கடல் மீனும் பவளமும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி வைப்பது பற்றி ஒரு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் இந்த ஆசை பரவி வருகிறது என்று எழுதியிருந்தது உண்மைதான். கடலே இல்லாத ஊர்க்காரர்களுக்குக் கடல் மேல் ஒரு தனி மயக்கம் உண்டு. கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். கடைசிப் பத்தியில் இருந்த ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். தட்டைப்புழுத் தொல்லை வந்தால் குடற்புழு மருந்து சில சொட்டு ஊற்றினால் போதும், ஒரு மணி நேரத்தில் எல்லாம் செத்துவிடும் என்று அந்த வரி சொல்கிறது. இதே வார்த்தைகளை 2022 சித்திரை மாதம் ஒரு கடைக்காரர் என்னிடம் சொன்னார். நான் நம்பினேன். அன்று இரவு என் வீட்டில் நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நான் திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் இருக்கிறேன். ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் 22 வருடமாக வேலை. நிறம் ஒத்துவருகிறதா, தண்ணீரில் உப்பு எவ்வளவு, பிஎச் எவ்வளவு என்று பார்ப்பதுதான் பிழைப்பு. 2017-ல் நான்கடி நீளத் தொட்டி ஒன்று வைத்தேன். அதன் கீழே வடிகட்டுவதற்காக உள்ள சம்ப் தொட்டியையும் சேர்த்தால் சுமார் 280 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஆர்ஓ தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கடல் உப்பு கலக்க வேண்டும். வெப்பம் 26 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் எங்கள் ஊரில் அது லேசான காரியமில்லை, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓடியே ஆக வேண்டும்.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பித்தளைப் பாத்திரப் பட்டறை இருந்தது, இன்றும் சில இருக்கின்றன. அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கட்டுரையில் இது இல்லை. பித்தளை, செம்புப் பாத்திரத்தில் எடுத்த தண்ணீரைக் கடல் தொட்டியில் ஊற்றவே கூடாது. செம்பு மீனுக்குச் சில நோய்களில் மருந்தாகலாம், ஆனால் பவளத்துக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் அது எமன். எங்கள் வீட்டில் தொட்டிக்கென்று இரண்டு பிளாஸ்டிக் வாளிகள் தனியாக இருக்கின்றன. விருந்தாளி வந்தாலும் அதைக் குளியலறைக்கு எடுத்துப் போக விடமாட்டேன்.

சரி, புழுவுக்கு வருகிறேன்.

2022 மாசி மாதம் கோவையில் ஒரு கடையில் சோவான்தஸ் என்ற மென்மையான பவள வகை ஒட்டியிருந்த கல் ஒன்று வாங்கி வந்தேன். பச்சை நிறத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு மொட்டு மொட்டாக விரியும், பாப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. வந்த அன்றே தொட்டிக்குள் வைத்தேன். அதுதான் முதல் தவறு, அதைப் பின்னால் சொல்கிறேன். மூன்று வாரம் கழித்து முன் கண்ணாடியின் கீழ்மூலையில் துருக்கறை மாதிரி ஒரு புள்ளி தெரிந்தது. துணியில் சாயத்தெறிப்பு விழுந்தால் எப்படி இருக்குமோ அப்படி. விரலால் துடைத்தேன். உள்பக்கம் இருந்தது. அடுத்த நாள் அந்தப் புள்ளி இடம் மாறியிருந்தது.

ஆய்வகத்தில் நூலிழை எண்ணுவதற்கு ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்போம். அதை வீட்டுக்குக் கொண்டு வந்து பார்த்தேன். மூன்று மில்லிமீட்டர் இருக்கும். காகிதம் போலத் தட்டை. முன்பக்கம் வட்டமாக, பின்பக்கம் மூன்று வால் போலப் பிரிந்திருந்தது. கால் இல்லை, துடுப்பும் இல்லை, ஆனால் கண்ணாடி மேல் வழுக்கிக்கொண்டே போனது. ஒன்றின் பின்பக்கத்தில் குட்டியொன்று மொட்டு விட்டிருந்தது. அந்த மொட்டு தாய்க்கு எதிர்த்திசையைப் பார்த்து வளர்கிறது, தாய் ஒரு பக்கம் இழுக்கக் குட்டி மறுபக்கம் இழுத்துப் பிய்த்துக்கொண்டு போகிறது. ஆணும் வேண்டாம் பெண்ணும் வேண்டாம். ஒன்றே ஒன்று உள்ளே வந்தால் போதும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

மீன் வளர்ப்பவர்கள் இதை ரெட் பிளனேரியா என்பார்கள், விலங்கியலில் கான்வொலுட்ரிலோபா என்ற பேரினம். தட்டைப்புழு என்றே எல்லோரும் சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன். ஆனால் விலங்கியலார் இந்தக் கூட்டத்தை உண்மையான தட்டைப்புழுக்களிலிருந்து பிரித்து வேறு கிளையில் வைத்துவிட்டார்கள். உடம்புக்குள் பாசியை வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் பிழைக்கும். நீரோட்டம் குறைவான, வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் கம்பளம் விரித்தது போல் மொய்க்கும். பவளத்தை இது கடித்துத் தின்பதில்லை. மேலே படுத்து வெளிச்சத்தை மறைக்கிறது, அதுவே பவளத்துக்குப் போதுமான கேடு. பங்குனி முடிவதற்குள் என் லெதர் கோரல் என்ற மென்மையான பவளம் விரிவதையே நிறுத்திவிட்டது. வெள்ளை மணல் செங்கல்பொடி தூவியது போல் ஆகிவிட்டது.

கல் வாங்கிய கடைக்கே போன் செய்தேன். “ஆட்டுக்கு ஊத்தற பூச்சி மருந்து இருக்குதுங்ளா, அதுல பத்து சொட்டு போதுங்ணா. ஒரு மணி நேரத்துல சுத்தமா செத்துரும்” என்றார். கடையின் பெயர் வேண்டாம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கு யாரோ சொன்னதை எனக்குச் சொன்னார்.

என் மாமனார் வீடு வெள்ளகோவில் பக்கம். அங்கே செம்மறி ஆடு உண்டு, மழைக்கு முன்னும் பின்னும் ஆட்டுக்குப் புழு மருந்து ஊற்றுவது வழக்கம். மச்சான் அந்த வாரம் ஊரிலிருந்து வரும்போது ஒரு பாட்டில் கொண்டு வந்தார். “ஆட்டுக்கே ஒண்ணும் ஆகறதில்லீங்க மாப்பிள்ளை, மீனுக்கு என்ன ஆயிரப் போகுது” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆட்டுக்கு வயிற்றுக்குள் போகிறது, மீன் அந்தத் தண்ணீரிலேயே மூச்சு விடுகிறது என்ற வித்தியாசம், தினமும் தண்ணீரைச் சோதிக்கிற எனக்கு அப்போது தோன்றவில்லை.

மாலை ஏழு மணிக்கு ஊற்றினேன். ஏழேகாலுக்கெல்லாம் புழுக்கள் சுருள ஆரம்பித்தன. தட்டையாக இருந்தது சின்னச் சின்ன உருண்டையாகி மணலிலிருந்து கிளம்பிற்று. ஏழரைக்குத் தொட்டி முழுவதும் துரு நிறத்தில் தூசி பறப்பது போல் இருந்தது. மகிழ்ச்சியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டு மணிக்குத் தண்ணீர் மஞ்சளாகத் தெரிந்தது. எட்டேகாலுக்குப் பாப்பா, “பெரிய மீனு மேல மேல வருதுங்ப்பா” என்றாள். ஆறு விரல் நீளக் கோமாளி மீன் இல்லை அது, சுண்டுவிரல் நீளம்தான். ஜோடியில் அது பெரியது என்பதால் அவளுக்கு அது பெரிய மீன். நீர்மட்டத்தில் வாயை வைத்து வேக வேகமாகச் செவுளை அடித்துக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு ஃபயர் பிஷ் மணலில் சாய்ந்து கிடந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. தண்ணீரை மாற்ற வேண்டும், அதில் கலந்ததை உறிஞ்சக் கரி போட வேண்டும். ஆனால் வீட்டில் ஒரு லிட்டர் உப்புத் தண்ணீர் கூடக் கலந்து வைத்திருக்கவில்லை. எங்கள் ஆர்ஓ எந்திரம் மணிக்கு எட்டு லிட்டர் தரும். 80 லிட்டர் வேண்டுமென்றால் பத்து மணி நேரம். ஆக்டிவேட்டட் கார்பன் பட்டறை ஆய்வகத்தில் மூட்டை மூட்டையாக இருக்கிறது, வீட்டில் ஒரு பிடி இல்லை. ராத்திரி பத்து மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்க் காவலாளியை எழுப்பிக் கரி எடுத்து வந்தேன். வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று தாண்டிவிட்டது. அடிக்கடி ஆர்ஓ வாளியை எட்டிப் பார்த்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். விடியும்போது ஐந்து மீன்கள் போயிருந்தன. ஃபயர் பிஷ், இரண்டு டாம்சல், ஒரு கோபி, அப்புறம் அந்தப் பெரிய கோமாளி மீன். ஐந்து வருடம் என் வீட்டில் இருந்தது அது. தட்டைப்புழு ஒரு மணி நேரத்தில் செத்துவிடும் என்று கடைக்காரர் சொன்னது நடந்துவிட்டது, அதற்கு அடுத்த மணி நேரத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன், மூன்று நான்கு பழைய ஆட்களிடம் கேட்டேன். இந்தப் புழுவின் உடம்பிலேயே விஷம் இருக்கிறது. உயிரோடு இருக்கும்வரை தொல்லை தெரியாது. ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் சாகும்போது அத்தனை விஷமும் தண்ணீரில் இறங்குகிறது. செத்த உடம்புகள் அழுகத் தொடங்கினால் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனும் குறைகிறது. அதனால் மருந்தின் அளவைக் குறைத்தால் ஆபத்து குறையும் என்று நினைப்பதில் பயனில்லை. தொட்டியில் எத்தனை புழு சாகப்போகிறது என்பதுதான் கணக்கு. நான் மருந்து ஊற்றியபோது என் தொட்டியில் அவை எண்ண முடியாத அளவுக்கு இருந்தன.

ஆட்டு மருந்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. லெவமிசோல் என்ற மருந்து புழுவின் நரம்பைத் தாக்கித் தசையை இறுக்கி முடக்கிவிடும். அதைத்தான் ஆட்டுக்கும் கோழிக்கும் உருண்டைப்புழுவுக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் கடையில் கிடைக்கும் எல்லாப் பாட்டிலிலும் அது மட்டுமே இருப்பதில்லை. ஈரல் புழுவுக்காக ஆக்ஸிகுளோசனைடு என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்தும் விற்கிறார்கள், அது நீர்வாழ் உயிர்களுக்குக் கடுமையானது. நான் ஊற்றிய பாட்டிலை மறுநாள் காலையில்தான் திருப்பிப் படித்தேன். இரண்டும் இருந்தன. என் மீன்களை எது கொன்றது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. “குடற்புழு மருந்து” என்று உங்கள் கட்டுரை பொதுவாகச் சொல்லியிருப்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டியிருக்கிறது. கொங்கு நாட்டில் ஆடு மாடு வைத்திருக்கும் சொந்தக்காரர் இல்லாதவர் யாரும் இருக்கமாட்டார். அந்தப் பாட்டில் எல்லார் கைக்கும் எட்டும்.

இத்தனைக்கும் பிறகு புழு ஒழிந்ததா என்றால் இல்லை. ஐந்து வாரத்தில் அதே மூலையில் அதே துருப்புள்ளி. சம்ப் தொட்டியின் இருட்டு மூலையிலோ, குழாய்க்குள்ளோ, கல்லின் பொந்திலோ பத்து தப்பியிருக்கும். அந்தப் பத்து போதும்.

இரண்டாவது முறை நான் செய்ததை முழுமையாக எழுதுகிறேன். கட்டுரையில் ஒரு வரியாக வந்தது உண்மையில் ஒரு மாத வேலை.

முதல் மூன்று வாரம் மருந்துப் பக்கமே போகவில்லை. காற்றுக் குழாய் என்று மீன் கடையில் விற்பார்களே, பென்சிலை விட மெல்லிய பிளாஸ்டிக் குழாய், அதில் இரண்டு மீட்டர் வாங்கினேன். நுனி ஆடாமல் இருக்கத் தென்னை ஈர்க்குச்சி இரண்டைச் சேர்த்து நூலால் கட்டினேன். மறுமுனை கீழே வாளியில், வாளியின் வாயில் பழைய வேட்டித் துணி நான்காக மடித்தது. உறிஞ்சிவிட்டால் தண்ணீர் தானாக இறங்கும், ஈர்க்கு நுனியைப் புழுவின் மேல் காட்டினால் சுர்ரென்று உள்ளே போய்விடும். புழுவைச் சுரண்டக் கூடாது, நசுக்கக் கூடாது. முதல் நாள் துணியை விரித்துப் பார்த்தபோது ஒரு தேக்கரண்டி அளவுக்குச் சிவப்புச் சேறு போல இருந்தது. அத்தனையும் புழு. முதல் தடவை இதையெல்லாம் தொட்டிக்குள்ளேயே சாகவிட்டிருந்தேன் என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது.

இந்த வேலையைப் பாப்பாதான் எளிதாக்கினாள். புழு வெளிச்சத்தைத் தேடிப் போகிறது என்பதை அவள்தான் கவனித்தாள். இரவு மேல் விளக்குகளை அணைத்துவிட்டு வலதுபக்க மூலையில் மட்டும் ஒரு சின்ன விளக்கை வைத்தோம். அரை மணி நேரத்தில் அந்த மூலை மணலில் மொய்த்துவிட்டன. ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர் உறிஞ்சி, அதே அளவு புதுத் தண்ணீர் விடுவேன். பட்டறையிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு அதுதான் முதல் வேலை. மூன்றாவது வாரம் முடிவில் துணியில் இருபது, முப்பது புழுதான் ஏறின. எண்ண முடிந்தது. அப்போதுதான் மருந்தைப் பற்றி யோசித்தேன்.

மருந்தும் இந்தத் தடவை கடல் தொட்டிக்கென்றே தட்டைப்புழுவுக்காக விற்பது. விலை கூடுதல்தான். அளவு போடும்போது தொட்டியின் நீளம் அகலம் உயரத்தைப் பெருக்கி வரும் எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது, கல்லும் மணலும் அடைத்துக்கொண்ட இடத்தைக் கழிக்க வேண்டும். கழித்தால் என் தொட்டியில் உண்மையான தண்ணீர் சுமார் 240 லிட்டர். முதல் நாள் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தொட்டித் தண்ணீர் எடுத்து, ஐந்து புழுவை விட்டு, அளவுக்குத் தக்க மருந்தைக் கலந்து பார்த்தேன். சில நிமிடத்தில் ஐந்தும் சுருண்டன. அளவு சரி என்று தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன். மாலையில் செய்யக் கூடாது, பகல் முழுவதும் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு நாள் முன்பே 90 லிட்டர் உப்புத் தண்ணீர் கலந்து, உப்பும் சூடும் தொட்டியோடு ஒத்துவரும்படி மோட்டார் போட்டு ஓடவிட்டிருந்தேன். அரைக் கிலோ கரியைத் தூசி போக அலசித் துணிப்பையில் கட்டித் தயாராக வைத்திருந்தேன். கூடுதலாகக் காற்றுக்குமிழி விடும் காற்றுக்கல் ஒன்று போட்டேன். மருந்து போடும் நேரத்தில், தண்ணீரின் அழுக்கை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரை நிறுத்தினேன், கரியும் அப்போது உள்ளே இருக்கக் கூடாது, இருந்தால் மருந்தைக் குடித்துவிடும். மருந்து விட்டதும் எஞ்சிய புழுக்கள் சுருண்டு மிதக்க ஆரம்பித்தன. மிதக்க மிதக்க ஈர்க்குக் குழாயால் எடுத்துக்கொண்டே இருந்தோம், நான் ஒரு பக்கம், பாப்பா ஒரு பக்கம். முக்கால் மணி நேரத்தில் கரியை இறக்கினேன், ஸ்கிம்மரை ஓட்டினேன், 90 லிட்டரையும் மாற்றினேன். மதியம் இரண்டு மணிக்கு மீன்களுக்குத் தீனி போட்டேன், சாப்பிட்டன. பத்து நாள் கழித்து அதே முறையில் இன்னொரு தடவை. அப்போது ஏழே ஏழு புழுதான் கிடைத்தது. அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை.

மீனை விட்டே தின்ன வைக்கலாமே என்று கேட்பார்கள். ஆறுவரி ராஸ் (wrasse) மீன் சில தொட்டிகளில் இந்தப் புழுவைத் தின்கிறது, சில தொட்டிகளில் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. செலிடோனுரா என்ற நீல வரிக் கடல் நத்தை ஒன்று இந்தப் புழுவை மட்டுமே தின்று வாழும். புழு தீர்ந்த பிறகு அதற்கு உணவே கிடையாது, பட்டினியில் சாகும். ஒரு உயிரைச் சாகட்டும் என்று தெரிந்தே வாங்கி வர எனக்கு மனம் வரவில்லை.

இப்போது அந்த முதல் தவறு. புதுக்கல் வந்தால் நேராகத் தொட்டியில் போடக் கூடாது. நான் இப்போது 30 லிட்டர் தொட்டி ஒன்றைத் தனியாக வைத்து, எது வந்தாலும் ஆறு வாரம் அதிலேயே வைக்கிறேன். சோவான்தஸ் போன்றவை தாங்கும் என்பதால், தொட்டியின் அதே சூட்டில் உள்ள ஆர்ஓ நல்ல தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி உதறுவேன். உப்பில் வாழ்ந்த புழு நல்ல தண்ணீரில் தாங்காமல் பிடியை விட்டுவிடும். வெள்ளைக் கிண்ணத்தில் செய்தால் அடியில் விழுவது கண்ணுக்குத் தெரியும். எல்லாப் பவளமும் நல்ல தண்ணீரைத் தாங்காது, சீனியா வகையை அப்படிச் செய்தால் கரைந்துவிடும். அதற்குப் பவளத்துக்கென்று விற்கும் கழுவுமருந்து இருக்கிறது. கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள், விற்கும் முன் நீங்களே இதைச் செய்யுங்கள். ஒரு கிண்ணம், ஒரு நிமிடம்தான்.

கட்டுரையில் பவளம் என்று பொதுவாக எழுதியிருந்தது. அதையும் கொஞ்சம் பிரித்துச் சொல்லியிருக்கலாம். சுண்ணாம்பு எலும்பு வைத்து வளரும் கடினப் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல் விசிறியும் அப்படியே. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு உடைத்து வருவதும் குற்றம். “ராமேஸ்வரத்துச் சரக்குங்க” என்று காதோடு சொல்லி விற்பவர்களிடம் வாங்காதீர்கள். என் தொட்டியில் லெதர் கோரல், சோவான்தஸ், மஷ்ரூம் ஆகிய மென்மையான வகைகள் மட்டும்தான், கல்லும் சிமென்டில் செய்தது. கிளைப் பவளத்தைத் தின்னும் வேறொரு தட்டைப்புழு இருக்கிறது, அது நிஜமான தட்டைப்புழு, கிளையின் அடியில் முட்டையை ஒட்டி வைக்கும், கழுவுமருந்து அந்த முட்டையைக் கொல்லாது. கடினப் பவளமே நமக்கு வேண்டாம் என்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

கடைசியாக, மாற்றிய தண்ணீரை என்ன செய்வது. இதைக் கட்டுரை தொடவே இல்லை. திருப்பூர்க்காரனாக இதைச் சொல்லாமல் என்னால் கடிதத்தை முடிக்க முடியாது. 90 லிட்டர் கடல்நீரில் மூன்று கிலோவுக்கு மேல் உப்பு இருக்கிறது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நான் மாதக்கணக்கில் வேலையில்லாமல் வீட்டில் இருந்தவன். அப்போது கஷ்டப்பட்டேன், ஆனால் தீர்ப்பு தவறு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. நொய்யலில் நாங்கள் விட்ட உப்பு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, அதன் கீழே உள்ள காடுகளையும் கிணறுகளையும் என்ன செய்தது என்று சென்னிமலைப் பக்கத்து விவசாயிகளைக் கேட்டால் தெரியும். இன்று பட்டறையில் ஒரு சொட்டு வெளியே விடாமல் ஆர்ஓவும் ஆவியாக்கியும் வைத்து உப்பைப் பிரிக்கிறோம். பகலில் அந்த வேலையைச் செய்துவிட்டு, இரவில் வீட்டில் மூன்று கிலோ உப்பைச் சாக்கடையில் ஊற்ற எனக்கு மனசு ஒப்பவில்லை.

மொட்டைமாடியில் கறுப்புத் தார்ப்பாய் விரித்து நான்கு பக்கமும் செங்கல் வைத்துக் கட்டியிருக்கிறேன். மாற்றிய தண்ணீர் அதில்தான் போகும். வெயில் காலத்தில் ஒரு வாரத்தில் வற்றிவிடும், புழுவும் அதோடு காய்ந்துவிடும். மருந்து கலந்த தண்ணீரைக் கரிப்பையில் ஓடவிட்ட பிறகே அங்கே ஊற்றுகிறேன். வற்றிய உப்பைச் சுரண்டிச் சாக்கில் கட்டிப் படிக்கட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன். தென்னைக்குத்தான் உப்புப் போடுவோமே, தென்னந்தோப்பில் ஊற்றிவிடலாம் என்று மச்சான் சொன்னார். மருந்து தொட்ட தண்ணீர் என்பதால் வேண்டாம் என்றேன். குளத்திலோ வாய்க்காலிலோ தொட்டித் தண்ணீரையோ மீனையோ விடுவது அதைவிடப் பெரிய தவறு.

கடிதம் நீண்டுவிட்டது, தெரிகிறது. இடம் இல்லையென்றால் என் கதையை வெட்டிவிடுங்கள். மருந்துக்கு முன் குழாய் வைத்துப் புழுவை எடுக்க வேண்டும், 90 லிட்டர் தண்ணீரும் கரியும் கையில் இல்லாமல் மருந்து பாட்டிலைத் திறக்கக் கூடாது, ஆட்டு மருந்து கூடவே கூடாது என்ற மூன்றை மட்டும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். அந்தக் கட்டுரையை வெட்டித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தவர்கள் இருப்பார்கள். எங்கள் தெருவிலேயே ஒருவர் ஒட்டியிருக்கிறார்.

அன்று தப்பிய சின்னக் கோமாளி மீனைப் பற்றிக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்த மீன்களில் ஜோடியில் பெரியது பெண், சின்னது ஆண். பெண் போய்விட்டால் ஆணே பெண்ணாக மாறிவிடும். ஒரு வருடம் தனியாக இருந்தது. அப்புறம் பொரிப்பகத்தில் வளர்ந்த குட்டி ஒன்றை வாங்கி விட்டோம். போன கார்த்திகையில் லெதர் கோரலுக்குக் கீழே உள்ள கல்லில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை வைத்தது. பாப்பா அதைத்தான் இப்போது பெரிய மீன் என்கிறாள்.

தங்கள் நீண்ட நாள் வாசகர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.